அத்தியாயம் 4: இலக்குக்குப் பின்னால் என்ன?

கொல்லிமலையை ஆண்ட ஓரியின் வில்லைப் பற்றிப் புறநானூற்றில் வன்பரணர் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது, 152ஆவது. ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. பள்ளியில் படித்தபோது அந்தத் தோள்வலிமைதான் மனதில் நின்றது. வில் பிடிக்கத் தொடங்கி, வீட்டிலேயே பயிற்சி செய்ய இடம் தேடி அலைந்த பிறகு அதே பாட்டு எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. யானைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஓரி பார்க்கவே இல்லை. காட்டில் அது பரவாயில்லை. மடிப்பாக்கத்திலோ சாய்பாபா காலனியிலோ யானை நிற்கிற இடத்துக்குப் பின்னால் இருப்பது பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் இலக்கைப் பற்றிக் கொஞ்சம்தான் வரும். அதற்குப் பின்னாலும் பக்கத்திலும் மேலேயும் இருப்பதைப் பற்றித்தான் அதிகம்.

முதலில் என் கதை. பயிற்சி தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. 28 பவுண்டு ரிகர்வ் வில், கொல்லையில் 10 மீட்டர் தூரம், மரச்சட்டத்தில் சாய்த்து வைத்த வைக்கோல் இலக்கு, அதன் பின்னால் ஐந்தடிக் காம்பவுண்டுச் சுவர். போதும் என்று நினைத்தேன். ஒருநாள் காலை அம்பு வைக்கோலில் படாமல் சட்டத்தின் மேல்கட்டையை உரசி, மேல்நோக்கித் திரும்பி, சுவரைத் தாண்டிப் போனது. சத்தமே இல்லை. ஓடிப்போய் எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் தைத்து நிற்கிறது. அதற்குக் கீழே துவைக்கிற கல். கல்லின் மேல் நுரையோடு ஒரு பாவாடை. துவைத்துக்கொண்டிருந்த அக்கா சோப்பு எடுக்க உள்ளே போயிருந்தார். திரும்பி வந்தவர், “தம்பி, இந்தக் குச்சி உங்களோடதா? இழுத்துப் பார்த்தேன், வரமாட்டேங்குது” என்றார். அவர் அதைக் குச்சி என்று சொன்னதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அன்றைக்கே வில்லை அவிழ்த்து உறையில் போட்டேன். மூன்று வாரம் எடுக்கவில்லை. எடுத்தபோது கொல்லையை அடியோடு மாற்றியிருந்தேன்.

சில கணக்குகளைத் தெரிந்துகொண்டால் பயம் சரியான அளவில் வரும். சாதாரணப் பயிற்சி ரிகர்வ் வில்லிலிருந்து அம்பு நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. காம்பவுண்டு வில்லில் 80, 90 மீட்டரைத் தொடும். 10 மீட்டரைக் கடக்க ஐந்தில் ஒரு பங்கு நொடி. கதவைத் திறந்துகொண்டு ஒரு குழந்தை எட்டிப் பார்ப்பதை நீங்கள் கவனிக்கும்போது அம்பு போய்ச் சேர்ந்திருக்கும். அதே 28 பவுண்டு வில்லை 45 டிகிரி தூக்கி விட்டால் அம்பு 150 மீட்டருக்கு அப்பால் விழும். நடுவில் இரண்டு தெரு இருக்கும்.

இன்னொரு கணக்குதான் வீட்டுப் பயிற்சிக்கு உயிர்நாடி. 18 மீட்டரில் நின்று 5 டிகிரி பிசகினால் அம்பு ஒன்றரை மீட்டருக்கு மேல் விலகிப் போகும். எந்த இலக்கும் அதைத் தாங்காது. 5 மீட்டரில் அதே 5 டிகிரி பிசகு 44 சென்டிமீட்டர்தான். நான்கடிக்கு நான்கடி இலக்கு ஒன்று வைத்து அதன் நடுவைக் குறிபார்த்தால், அவ்வளவு பிசகினாலும் அம்பு அதற்குள்ளேயே விழும். கிட்டத்தில் நிற்பதைக் கற்றுக்குட்டிகளின் வேலை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் கியூடோ பழகுகிறவர்கள் 28 மீட்டர் இலக்குக்குப் போகும் முன்பு, ஒரு வில்லின் நீளத் தொலைவில் வைத்த வைக்கோல் உருளையில்தான் எய்து எய்து பழகுகிறார்கள். அதை மாகிவாரா என்பார்கள். தேர்ந்தவர்களும் தினமும் அதன் முன்னால் போய் நிற்பார்கள்.

இடம்

நம் ஊர் மனைக்கணக்கில் ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, பெரும்பாலும் 40க்கு 60. உள்ளரங்கப் போட்டித் தூரமான 18 மீட்டர் என்பது 59 அடி. மனை முழுதும் காலியாக இருந்தால் கச்சிதமாகப் பொருந்தும். என்ன செய்வது, நடுவில் வீடு நிற்கிறதே. அதனால் 18 மீட்டர் ஆசையை மைதானத்துக்கு ஒதுக்கிவிட்டு, வீட்டில் 3 முதல் 7 மீட்டர் வரை எங்கே கிடைக்கும் என்று தேடுங்கள்.

வீட்டின் பக்கவாட்டுச் சந்துதான் என் முதல் தேர்வு. ஒருபுறம் நம் வீட்டுச் சுவர், மறுபுறம் காம்பவுண்டு, கடைசியில் இன்னொரு சுவர். சந்துக்குள் திறக்கிற ஜன்னலும் கதவும் எத்தனை என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் உள்ளிருந்து தாழ் போட முடியவேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் துவாரத்தையும் கணக்கில் சேருங்கள். கேஸ் சிலிண்டர் சந்தில் இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

கொல்லை இருந்தால் நல்லது. ஆனால் எந்தத் திசையை நோக்கி எய்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. தெருவை நோக்கி ஒருபோதும் கூடாது. பக்கத்து வீட்டை நோக்கியும் கூடாது. நம் வீட்டுச் சுவரை நோக்கியே எய்யுங்கள். காம்பவுண்டு ஓரத்தில் நாம் நிற்க, ஜன்னல் இல்லாத வீட்டுச் சுவரில் இலக்கு. தவறு நடந்தால் நஷ்டம் நம்முடையது. பாதிப் பிரச்சினை இந்த ஒரு திருப்பத்தில் தீர்ந்துவிடும். முருங்கை மரத்துக்குப் பிறகு நான் செய்த முதல் மாற்றம் இதுதான். ஊருக்கு வெளியே தோட்டமோ பெரிய மனையோ வைத்திருப்பவர்கள் ஆளுயரத்துக்கு மேல் மண்மேடு எழுப்பிக்கொள்ளலாம். 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டு, விடுமுறை நாட்களில் ஆண்கள் வில் பழகவேண்டும் என்று 1363இல் கட்டளை போட்டான். ஊருக்கு ஊர் அதற்காக எழுப்பிய மண்மேடுகளை மிஞ்சிய தடுப்பு இன்றும் கிடையாது.

மொட்டை மாடியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். என் முதல் பதில்: வேண்டாம். கைப்பிடிச் சுவர் மூன்றடி. அதற்கு மேல் வெறும் வானம். அம்பு உயரத்திலிருந்து கிளம்புவதால் இன்னும் தூரம் போகும். வடாம் காயவைக்க வந்த பாட்டியும் பட்டம் விடுகிற பையன்களும் பக்கத்து மாடிகளில் எந்த நேரத்திலும் முளைப்பார்கள். வேறு வழியே இல்லை என்றால், படிக்கட்டு அறையின் சுவரில் கதவு இல்லாத பக்கத்தைப் பிடியுங்கள். அதை ஒட்டி இலக்கை வைத்து, அதற்கு நேர் எதிரே 4 மீட்டருக்குள் நில்லுங்கள். மாடிக் கதவை வெளிப்பக்கம் தாழிட்டுவிட்டுத்தான் வில்லை எடுக்கவேண்டும். தண்ணீர்த் தொட்டியின் பக்கம் திரும்பவே வேண்டாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துச் சபலப்படுவார்கள். நீளமான, நிழலான, காலியான இடம். ஆனால் இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து யார் எப்போது வெளியே வருவார்கள் என்று தெரியாது. தூணில் பட்டுத் திரும்பும் அம்பு எங்கே போகும் என்றும் தெரியாது. அசோசியேஷன் அனுமதி கொடுத்தாலும் நான் அங்கே எய்ய மாட்டேன். ஃபிளாட்டுக்குள்ளேயே, ஹாலிலிருந்து படுக்கையறைச் சுவர் வரை 4 மீட்டர் கிடைத்தால் அது மேல். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது: மின்விசிறி. 68 அங்குல வில்லைக் கையில் பிடித்து உயர்த்தும்போது மேல்நுனி எட்டடியைத் தாண்டும். விசிறி இறக்கை அந்த உயரத்தில்தான் சுற்றுகிறது. விசிறியை நிறுத்தினால் மட்டும் போதாது, அதற்கு நேர்கீழே நிற்காதீர்கள்.

இலக்கும் திரையும்

நம் மைதானங்களில் இலக்குப் பலகையை ‘பட்ரஸ்’ என்பார்கள். கடையில் கிடைக்கும் அடுக்கு ஃபோம் பட்ரஸ் நன்றாகவே இருக்கும், விலைதான் கடிக்கும். வீட்டில் செய்வதற்கு இரண்டு அரிசிச் சாக்கும் பழைய துணியும் போதும். எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் முக்கால்வாசிப் பேர் சொதப்புகிறார்கள்.

துணிகளிலிருந்து பொத்தான், ஜிப், ஹூக் எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள். ஜீன்ஸின் செப்புக் குமிழ் உட்பட. அம்பு முனை அதில் பட்டால் முனை மழுங்கும், சில சமயம் அம்பே திரும்பி வரும். துணிகளைச் சுருட்டிப் போடாமல் தட்டையாக மடித்து அடுக்குங்கள். கால் பங்கு நிரம்பியதும் சாக்குக்குள் ஏறி மிதியுங்கள். மறுபடி அடுக்குங்கள், மறுபடி மிதியுங்கள். கனம் ஒன்றரை அடிக்குக் குறையக்கூடாது. வாயைத் தைத்து முடித்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போனால் இன்னும் துணி வேண்டும் என்று அர்த்தம். ஒரு சாக்கில் இருபது இருபத்தைந்து கிலோ போகும், பயப்பட வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சாக்கு வைத்துச் சுவரோடு கட்டினால் நிற்கும். நடுவில் விழுகிற இடைவெளிக்குக் குறுக்கே மூன்றாவதாக ஒரு சின்ன மூட்டை. அகலம் போதாவிட்டால் பக்கத்தில் இன்னொரு ஜோடி.

வைக்கோல் நம் ஊரில் மலிவு, ஆனால் தளர்வாகக் கட்டிய வைக்கோல் அம்பை வழிவிட்டு அனுப்பும். இறுக்கிக் கட்டினால் நல்லது, மழையும் கரையானும் எலியும் வரும் வரை. தெர்மாகோலை நாடாதீர்கள். அம்பின் சூட்டில் உருகித் தண்டில் ஒட்டிக்கொள்ளும், பத்து அம்பில் ஓட்டையாகிவிடும். எந்தப் பொருளானாலும் தொடர்ந்து அடி வாங்குகிற நடுப்பகுதி முதலில் பொத்துப்போகும். வாரம் ஒருமுறை பின்பக்கம் போய்ப் பாருங்கள். அம்பு முனை பின்னால் எட்டிப் பார்க்கத் தொடங்கினால் மூட்டையைத் திருப்பி வைக்கும் காலம் வந்துவிட்டது. சட்டம் வைப்பதாக இருந்தால் மரத்தின் முன்பக்கம் எங்கும் வெளியே தெரியாதபடி சாக்கால் மூடுங்கள். எனக்கு நேர்ந்தது அந்தக் கட்டையால்தான்.

இலக்குக்குப் பின்னால் திரை. வெறும் சுவரில் பட்ட அம்பு உடையும் அல்லது உங்களை நோக்கியே திரும்பும். சுவருக்கு ஓர் அடி முன்னால் ஒரு கம்பி கட்டி, பழைய தரைவிரிப்பையோ கனமான கம்பளியையோ இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். கீழ்நுனியைக் கட்டவே கூடாது, இறுக்கிக் கட்டினால் அம்பு கிழித்துக்கொண்டு போய்விடும். தொங்கும் துணி அம்போடு சேர்ந்து பின்னால் நகர்ந்து அதன் வேகத்தை விழுங்கும். இலக்கைவிட இருபுறமும் இரண்டு அடி, மேலே மூன்று அடி அதிகமாக இருக்கட்டும். நீங்கள் 40 பவுண்டுக்கு மேல் இழுப்பவரானாலோ காம்பவுண்டு வில் வைத்திருப்பவரானாலோ இதை நம்பவேண்டாம். வில்வித்தைக்கென்றே விற்கும் வலையையோ மாட்டுக்கொட்டகைத் தரைக்குப் போடும் தடித்த ரப்பர் பாயையோ வாங்குங்கள்.

நாண் இழுக்கும் விதம்

வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி, இழுத்துக்கொண்டே இறக்குகிற பழக்கம் சிலருக்கு உண்டு. விரல் நழுவினால் அம்பு எங்கே போகும் என்று யோசியுங்கள். சர்வதேசப் போட்டிகளில்கூட, நழுவிய அம்பு பாதுகாப்பு எல்லைக்கு வெளியே பறக்கும்படியாக நாண் இழுக்க விதி அனுமதிப்பதில்லை. வீட்டில் விதி இன்னும் கடுமையாக இருக்கவேண்டும்: நாண் அசையத் தொடங்கும் நொடியிலிருந்து அம்பு முனை இலக்குப் பரப்புக்குள்ளேயே இருக்கட்டும். அப்படி இழுக்க முடியவில்லை என்றால் உங்கள் வில்லுக்குப் பவுண்டு அதிகம். வீட்டுக்கென்று 18, 20 பவுண்டு லிம்ப் ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்வது வெட்கப்படவேண்டிய காரியமல்ல.

இழுத்த நாணை விடாமல் மெல்லத் திரும்பக் கொண்டுவருவதையும் பழகுங்கள். பத்து முறை இழுத்தால் இரண்டு முறையாவது வேண்டுமென்றே இறக்குங்கள். யாரோ “அண்ணா” என்று கூப்பிடும்போது அம்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிற கை ஆபத்தானது, இறக்கிவிட்டுத் திரும்புகிற கை வேண்டும்.

5 மீட்டரில் என்னத்தைக் கற்றுக்கொள்ள முடியும் என்று கேட்பவர்களுக்கு: ஒலிம்பிக் தூரமான 70 மீட்டரில் இலக்குத் தாளின் விட்டம் 122 சென்டிமீட்டர், பத்து மதிப்பெண் வட்டம் 12.2. அதே கோணத்தை 5 மீட்டருக்குச் சுருக்கினால் பத்து வட்டம் 9 மில்லிமீட்டருக்கும் குறைவு. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. ஒரு பொத்தானை வரைந்து ஒட்டிப் பாருங்கள், விளையாட்டு போய்விடும். மூன்று அம்புக்கு மூன்று பொத்தான், ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி. ஒரே இடத்தில் எய்தால் அம்பின் வால் நாக்குகள் உடைந்து காசு கரையும். இன்னொன்று: இவ்வளவு கிட்டத்தில் அம்பு குறிக்குக் கீழே போய்த் தைக்கலாம். கண்ணுக்குக் கீழே தாடையை ஒட்டி அம்பு இருப்பதால் வரும் வித்தியாசம் அது. சைட்டைத் திருகி மைதான அளவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், பொத்தானை மேல்பாதியில் ஒட்டுங்கள்.

வாரத்தில் பாதி நாள் பொத்தானும் வேண்டாம். 3 மீட்டரில் நின்று வெறும் சாக்கில் எய்யுங்கள். முழுதாக இழுத்து, முனை இலக்கின் நடுவில்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்ட பிறகு கண்ணை மூடி விடலாம். முதுகுத் தசை இழுக்கிறதா, விரல்தான் பிடுங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும். என் விரல் பிடுங்குகிறது என்பதை மைதானத்தில் இரண்டு வருடம் யாரும் சொல்லவில்லை. சாக்கு ஒரே வாரத்தில் சொல்லிவிட்டது.

அம்பே இல்லாமலும் செய்யலாம். வில்லை முழுதாக இழுத்து 15 நொடி நிறுத்தி, இறக்கி, 30 நொடி ஓய்வு. இப்படிப் பத்து முறை. முடித்ததும் தோள்பட்டை நடுங்கும். ரப்பர் பேண்டை வைத்துக் கண்ணாடி முன்னால் நின்று தோள் ஏறுகிறதா என்று பார்க்கலாம். ஆனால் அம்பு வைக்காமல் வெறும் நாணை ஒருநாளும் விட்டுவிடக்கூடாது. அம்புக்குப் போகவேண்டிய விசை முழுதும் லிம்பில் இறங்கி அதைப் பிளக்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளி வில்லை எடுத்து “டங்” என்று ஒருமுறை விட்டுப் பார்ப்பார். அதனால் விருந்தாளி வரும்போது வில் பரணில் இருக்கட்டும்.

வில்வித்தை வீரர் ஹர்விந்தர் சிங்கைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். 2020 ஊரடங்கில் மைதானங்கள் மூடிக் கிடந்தபோது ஹரியானாவில் அவருடைய அப்பா தங்கள் வயலையே அவருக்குப் பயிற்சிக்களமாக்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் டோக்கியோ பாராலிம்பிக்ஸில் வெண்கலம், 2024இல் பாரிஸில் தங்கம். அவருக்கு வயல் இருந்தது, நமக்குச் சந்து இருக்கிறது. தூரத்துக்கு எப்படியும் வாரம் ஒருமுறை மைதானத்துக்குப் போகத்தான் வேண்டும்.

அக்கம்பக்கம்

ஒளித்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டாரை அழைத்து இலக்கையும் திரையையும் காட்டுங்கள். எந்த நேரத்தில் எய்வீர்கள் என்று சொல்லி, அந்த நேரத்தை மாற்றாதீர்கள். அம்பு சாக்கில் இறங்கும் ‘தொப்’ என்ற சத்தம் விடியற்காலையில் நன்றாகவே கேட்கும், கைக்குழந்தை உள்ள வீடு என்றால் ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். சந்தின் வாயில் ஒரு கயிறு, அதில் ஒரு சிவப்புத் துணி. போட்டிகளில் ஐந்து விசில் அடித்தால் உடனே நிறுத்தவேண்டும் என்று அர்த்தம். வீட்டுக்கு ஒரு சொல் போதும். “நிறுத்து” என்று யார் சொன்னாலும், மூன்று வயதுப் பேத்தி சொன்னாலும், காரணம் கேட்காமல் நாணை இறக்கவேண்டும்.

சட்டம் தெரிந்திருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவின்படி, பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக நடந்தாலே மூன்று மாதம் வரை சிறையோ 2500 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். யாருக்கும் அடி படவேண்டும் என்றுகூட இல்லை. அடி பட்டால் தண்டனை கூடும். புறா, அணில், தெருநாய் எதன் மீதும் அம்பைத் திருப்புவது குற்றம். வேட்டைக்கான அகலமுனை அம்பு வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

எடுப்பதும் எண்ணுவதும்

அம்பைப் பிடுங்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. வால்முனை நேராகக் கண் உயரத்தில் பின்னோக்கி வரும். ஒரு கையால் இலக்கை அழுத்திக்கொண்டு, மறுகையால் அம்பை இலக்குக்கு அருகே பிடித்து, பக்கவாட்டில் நின்று இழுங்கள். கார்பன் அம்பானால் ஒவ்வொரு முறையும் லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். பொறபொறவென்று சத்தம் வந்தால் அது உள்ளே விரிசல் விட்ட அம்பு. அதை இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள், வைத்திருந்தால் ஒருநாள் மறதியாக நாணில் ஏறும், கிளம்பும்போது சிதறி வில் பிடித்த கையில் இறங்கும். சித்திரை வெயிலில் வில்லைக் காரிலோ மாடியிலோ விட்டுவிடாதீர்கள், லிம்பின் அடுக்குகள் பிரிந்துகொள்ளும்.

பிறகு எண்ணுங்கள். ஆறு எடுத்துப் போனால் ஆறு திரும்பி வரவேண்டும். குறைந்தால் அடுத்த சுற்று இல்லை. இலக்கைத் தவறிய அம்பு புல்லுக்கடியில் படுக்கையாகச் செருகிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் தெரியாது, வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைக்குத்தான் தெரியும். பகலில் கிடைக்கவில்லையென்றால் இருட்டும் வரை பொறுங்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து மெல்லத் திருப்பினால், புல்லுக்கு நடுவே அம்பின் வால் சின்னதாக மின்னும்.